வண்டி இழுக்கலையா? எந்த ஆர்பிஎம்மில் என்று முதலில் பாருங்கள்

"வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று சொன்னதும் பல ஒர்க்‌ஷாப்களில் கை முதலில் போவது பிளக்குக்கு. பிறகு ஏர் ஃபில்டர், அதற்கும் பிறகு கார்புரேட்டர். மூன்றில் ஒன்று பலித்தால் நல்லது. பலிக்காவிட்டால் பில் மட்டும் ஏறும், வண்டி அப்படியே நிற்கும். எதையும் கழற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இழுவை எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையில்) போய்விட்டது? கீழேயா, நடுவிலா, மேலேயா, எல்லா இடத்திலுமா? ஒவ்வொரு பழுதும் டார்க் கோட்டில், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை ஆர்பிஎம்முக்கு ஏற்ப ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்தில், தனக்கென்று ஓர் இடத்தைக் கடித்துத் தின்னும். இடம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

கணக்கு கொஞ்சம்

மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் ஒரு சாலுக்கு (இறைக்கும் வாளிக்கு) எவ்வளவு தண்ணீர் வருகிறதோ அதுதான் டார்க். ஒரு மணி நேரத்தில் வயலுக்குப் போய்ச் சேர்ந்த மொத்தத் தண்ணீர் பவர். மாட்டை விரட்டினால் சால்களின் எண்ணிக்கை கூடும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் விரட்டினால் சால் மூழ்கி நிரம்ப நேரம் இருக்காது, அரைச் சாலாக மேலே வரும். இன்ஜினில் சிலிண்டருக்குள் காற்று நிரம்புவதும் இப்படித்தான்.

கணக்காகச் சொன்னால், நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் பவர் கிடைக்கும். பிஎஸ் (மெட்ரிக் ஹார்ஸ்பவர்) வேண்டுமென்றால் 7024ஆல் வகுக்க வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ஐ எடுத்துக்கொள்வோம். 4000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர், 6100ல் 20.2 பிஹெச்பி (ஹார்ஸ்பவர்) என்று கம்பெனி சொல்கிறது. 4000ல் பவர் 11.3 கிலோவாட். 6100ல் 15.1 கிலோவாட். இரண்டாவது கணக்கைத் திருப்பிப் போட்டால் 6100ல் டார்க் 23.6தான் இருக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் பலவீனமாகிவிட்டது, ஆனாலும் நிமிடத்துக்கு அதிக வெடிப்புகள் நடப்பதால் பவர் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. டார்க் உச்சத்தைத் தாண்டிய பிறகும் வண்டி வேகம் எடுப்பது இதனால்தான். டார்க் சரியும் விகிதம் ஆர்பிஎம் ஏறும் விகிதத்தைத் தாண்டும்போதுதான் பவரும் இறங்கத் தொடங்கும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள், பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். லிட்டருக்கு எவ்வளவு டார்க்? ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜினுக்கு 8.05 நியூட்டன் மீட்டர், அதாவது லிட்டருக்கு 83. கிளாசிக் 350க்கு 77. 373 சிசி டியூக் 390க்கு 37 நியூட்டன் மீட்டர், லிட்டருக்கு 99. பழைய ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு 115, லிட்டருக்கு 96. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் எதுவாக இருந்தாலும் கிட்டத்தட்ட இந்த வட்டாரத்தில்தான் நிற்கும். ஆனால் பவரில் வித்தியாசம் பெரிது. கிளாசிக் லிட்டருக்கு 58 பிஹெச்பி, 2017ல் வந்த டியூக் 117 பிஎஸ். டியூக் 9000 ஆர்பிஎம் வரை சிலிண்டரை நிரப்பிக்கொண்டே போகிறது, கிளாசிக் 6100லேயே நிறுத்திக்கொள்கிறது. அதனால் "இந்த வண்டி 3000ல் டியூக் மாதிரி சீறலையே" என்பதும் "டியூக் 2500ல் புல்லட் மாதிரி இழுக்கலையே" என்பதும் பழுது இல்லை. அந்த வண்டிகளின் பிறவிக் குணம் அது.

கழற்றுவதற்கு முன் இரண்டு ஓட்டம்

ஆளில்லாத நேரான சாலையில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது கியரில் குறைந்த ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து மேல் எல்லை வரை போங்கள். இடையில் கியர் மாற்றக் கூடாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் மீட்டரை போனில் வீடியோ எடுத்தால் போதும், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது ஓட்டத்தில் அதே கியர், ஆனால் பாதித் திறப்பு மட்டும்.

இரண்டையும் ஒப்பிடுங்கள். தொய்வு இரண்டு ஓட்டத்திலும் ஒரே ஆர்பிஎம்மில் வந்தால் அது காற்று, சைலன்சர், டைமிங் சம்பந்தப்பட்டது. ஆர்பிஎம் எதுவானாலும் ஆக்சிலரேட்டர் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போதுதான் வருகிறது என்றால் கார்புரேட்டரின் ஜெட், நீடில், அல்லது இன்ஜெக்‌ஷன் வண்டியில் த்ராட்டில் (காற்று நுழையும் கதவு) பொசிஷன் சென்சார். இந்த ஒரு பிரிப்பைச் செய்யாமல் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

ஸ்ப்ளெண்டர், கிளாசிக் மாதிரி டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) இல்லாத வண்டியில், பிளக் வயரில் சுற்றி மாட்டும் மலிவான டாக்கோமீட்டர் உதவும். ஒரு எச்சரிக்கை: பல ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்பார்க் அடிக்கும், எரிய வேண்டிய ஸ்ட்ரோக்கில் ஒன்று, எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் சும்மா ஒன்று. மீட்டரை அதற்கேற்ப செட் செய்யாவிட்டால் ஆர்பிஎம் இரட்டிப்பாகக் காட்டும். காரில் ஓபிடி டாங்கிளும் (இன்ஜின் கம்ப்யூட்டரின் எண்களைப் போனுக்கு அனுப்பும் சிறு கருவி) போன் ஆப்பும் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

"சத்தம் ஏறுது, வேகம் ஏறலை"

இதை முதலில் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் இது இன்ஜின் பழுதே இல்லை. ஒரு கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறாதது. ஆர்பிஎம் மட்டும் துள்ளி மேலே போனால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது.

கிளட்ச் தாங்குவது டார்க்கை, பவரை அல்ல. அதனால் தேய்ந்த கிளட்ச் முதலில் வழுக்குவது டாப் கியரில், டார்க் உச்சத்தில், கிளாசிக்கில் 4000ஐ ஒட்டி. முழு பவர் வரும் 6100ல் அது பிடித்துக்கொள்ளக்கூட வாய்ப்பு உண்டு. "மேலே நல்லாத்தான் போகுது, நடுவுலதான்" என்று சொல்லி கார்புரேட்டரைக் கழற்ற வைப்பது இந்த வகைப் பழுதுதான். கிளட்ச் லீவரில் விளையாட்டு (சற்றுத் தளர்வு) இருக்கிறதா பாருங்கள். பைக்கில் கார் ஆயில் ஊற்றியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடும் ஈரக் கிளட்ச்சுக்கு ஜாஸோ எம்ஏ தர ஆயில் வேண்டும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்தச் சோதனை செல்லாது, அங்கே விகிதத்தை வேரியேட்டரே மாற்றிக்கொண்டிருக்கும். ஸ்கூட்டர் வழக்கத்தைவிட அதிகம் கத்திக்கொண்டு மெதுவாகப் போனால் பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ இந்த மூன்றையும் பாருங்கள்.

ஆர்பிஎம்மும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் இன்ஜினைத் திட்டிப் பயனில்லை.

"கீழே இழுவையே இல்லை, மேலே போனா பறக்குது"

குறைந்த ஆர்பிஎம்மில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் நேரம் நிறைய இருக்கிறது. கசிவதற்கும் அதே நேரம் இருக்கிறது. தேய்ந்த ரிங்கு, சரியாக உட்காராத வால்வு வழியாக 1500 ஆர்பிஎம்மில் கசியும் காற்று, 6000ல் கசிய நேரம் போதாமல் உள்ளேயே எரிந்துவிடும். அதனால் கம்ப்ரஷன் குறைவது முதலில் கீழேதான் தெரியும்.

முதல் வேலை, குளிர்ந்த இன்ஜினில் டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி). டேப்பெட் சத்தம் போட்டால்தான் பார்க்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது சத்தமே போடாத டேப்பெட்டுக்கு. கிளியரன்ஸ் இறுகிப்போன வால்வு முழுதாக மூடாது. கீழே இழுவை போகும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

அடுத்தது கம்ப்ரஷன். கேஜ் போடும்போது ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். ஸ்டார்ட் செய்ய எளிதாக கம்ப்ரஷனைச் சற்று விடுவிக்கும் ஆட்டோ டீகம்ப்ரஸர் உள்ள இன்ஜின்களில் கேஜ் எப்படியும் குறைத்தே காட்டும். லீக்-டவுன் சோதனை அதைவிட நம்பகமானது. வால்வுகள் மூடிய நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி, சீறல் எங்கே கேட்கிறது என்று பாருங்கள். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கு.

கம்ப்ரஷன் கொஞ்சம் குறைவு, ஆனால் எங்கும் கசியவில்லை என்றால் டைமிங் செயினைச் சந்தேகப்படுங்கள். செயின் நீண்டோ ஒரு பல் தாண்டியோ வால்வுகளைத் திறந்து மூடும் கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். மெதுவாக ஓடும்போது, உள்ளே வந்த கலவையை மேலேறும் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். வேகமாக ஓடும்போது காற்றின் ஓட்ட வேகமே அதை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதால் பாதிப்பு அவ்வளவாகத் தெரியாது. ரேஸ் கேம்கள் கீழே மந்தமாகவும் மேலே மிரட்டலாகவும் இருப்பதற்கு முக்கியக் காரணமும் இந்தத் தாமதமான மூடல்தான்.

ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் இன்டேக் ரப்பரில் வெடிப்பு இருக்கலாம். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போதுதான் உள்ளே வெற்றிடம் அதிகம், அப்போதுதான் வெளிக்காற்று பிய்த்துக்கொண்டு உள்ளே நுழையும். முழுதாகத் திறந்தால் உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம், ஓட்டை இருந்தும் இல்லாத மாதிரி.

ஓபிடி இருந்தால் இதை எண்ணாகவே பார்க்கலாம். காற்று ஓட்டத்தை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள கார்களில், நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலாக நின்று, 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது பூஜ்யத்துக்கு அருகே இறங்கினால் வெளிக்காற்று கசிவு உறுதி. நேர்மாறாக, ஆர்பிஎம்மும் லோடும் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது அந்த சென்சாரே அழுக்கேறிக் காற்றைக் குறைத்துச் சொல்கிறது.

சைலன்சர் மாற்றியதும் கீழே இழுவை போனது என்பவர்களுக்குத் தனி நோயறிதல் தேவையில்லை. பழைய சைலன்சரை மாட்டிப் பாருங்கள்.

"நடுவுல ஒரு இடத்துல மட்டும் தொங்குது"

முன்பு சொன்ன இரண்டு ஓட்டம் இங்கேதான் பலன் தரும். தொய்வு ஆக்சிலரேட்டர் நிலையோடு போகிறதென்றால், கார்புரேட்டர் வண்டியில் கால் பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டின் ஆட்சி, கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். நடுத்திறப்பில் தொங்கினால் நீடில் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது, நீடில் ஜெட் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். வேக்கம் கார்புரேட்டரில் டயஃப்ராமை (ரப்பர் சவ்வை) வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை போதும், ஸ்லைடு பாதியிலேயே நின்றுவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் த்ராட்டில் சென்சாரின் தடம் நாம் தினமும் அதிகம் ஓட்டும் நிலையில்தான் தேயும். இக்னிஷனை மட்டும் ஆன் செய்து மெதுவாகத் திறக்கும்போது எண் தாவாமல் சீராக ஏற வேண்டும்.

தொய்வு ஆர்பிஎம்மோடு போகிறது, வண்டி புதிதாக இருந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றால் விட்டுவிடலாம். இன்டேக் குழாயிலும் எக்ஸாஸ்ட்டிலும் ஓடும் அழுத்த அலைகள் ஓர் ஆர்பிஎம்மில் சிலிண்டரை நிரப்ப உதவும், இன்னோர் ஆர்பிஎம்மில் எதிர்த்து நிற்கும். பல இன்ஜின்களின் டார்க் கோட்டில் நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருப்பது இதனால்தான்.

"ஆக்சிலரேட்டரை முழுசாத் திருகினா துடிக்குது, தட்டுது, ஆனா வேகமாப் போனா சரியாயிடுது"

இந்த அறிகுறியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வேகமாக ஓடும்போதுதான் இன்ஜினுக்குக் கஷ்டம், அதனால் பலவீனமான ஸ்பார்க் மேலேதான் தவறும் என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை.

டார்க் உச்சம் என்றாலே சிலிண்டர் மிக நன்றாக நிரம்பும் இடம் என்றுதான் பொருள். அங்கே அமுக்கப்பட்ட கலவை மிக அடர்த்தியாக இருக்கும். அடர்ந்த கலவையைக் கிழித்துக்கொண்டு ஸ்பார்க் பாய அதிக வோல்ட்டேஜ் வேண்டும். ஆகவே காயில், பிளக் வயர், பிளக் கேப் இவற்றில் ஏதோ ஒன்று தளர்ந்திருந்தால் முதல் தவறல் டார்க் உச்சத்தில், முழுத் திறப்பில் வரும். பாதித் திறப்பில் அதே ஆர்பிஎம்மைக் கடந்தால் ஒன்றுமே தெரியாது. ஸ்டாண்டில் போட்டு வெறுமனே ஆக்சிலரேட்டரை முறுக்கினாலும் தெரியாது, ஏனென்றால் லோடு இல்லாதபோது சிலிண்டர் நிரம்புவதே இல்லை. "கடையில நல்லாத்தான் ஓடுச்சு" என்று மெக்கானிக் சொல்வது பொய்யல்ல.

பிளக் இடைவெளியைத் தற்காலிகமாகக் குறைத்துப் பாருங்கள். 0.8 மில்லிமீட்டர் இருந்தால் 0.6க்குக் கொண்டுவந்து ஓட்டுங்கள். துடிப்பு போய்விட்டால் பிளக் குற்றவாளி அல்ல. காயிலோ கேப்போ போதிய வோல்ட்டேஜ் தரவில்லை. மழை நாளில் மோசமாகிறதென்றால் கேப்பும் வயரும் முதலில். பழுதைச் சரிசெய்த பிறகு இடைவெளியைப் பழைய அளவுக்கே கொண்டுவர மறக்காதீர்கள்.

துடிப்பு இல்லாமல் உலோகத்தில் கூழாங்கல் விழுவதுபோல் தட்டினால் அது நாக்கிங். கலவையின் கடைசிப் பகுதி, தீச்சுவாலை வந்து சேரும் முன்பே தானாக வெடிப்பது. அதற்கு அழுத்தம், சூடு, நேரம் மூன்றும் வேண்டும். குறைந்த ஆர்பிஎம், முழுத் திறப்பு, மேல் கியர் சேரும்போது மூன்றும் கிடைத்துவிடும். ஆர்பிஎம் ஏறினால் நேரம் குறையும், தட்டல் நிற்கும். எனவே முதல் மருந்து ஒரு கியர் குறைப்பதுதான், காசு செலவில்லை. சரியான கியரிலும் தட்டினால் ஹெட்டில் கரி, முன்தள்ளிய இக்னிஷன் டைமிங், தரமில்லாத பெட்ரோல், மெலிந்த கலவை, அதிக சூடு என்று தேட வேண்டும். ஐந்தாவது கியரில் 40ல் புல்லட்டை உருட்டிக்கொண்டு போவதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் அதில் பெருமை இல்லை.

"ஒரு அளவுக்கு மேல ஏறவே மாட்டேங்குது"

கீழே நன்றாக இழுத்து மேலே சுவரில் முட்டியதுபோல் நின்றால், ஏதோ ஒன்று போதாமல் போகிறது. காற்றா, எரிபொருளா, வெளியேறும் வழியா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அடைப்பு ஏன் மேலே மட்டும் தெரிகிறது? ஓட்டம் இரட்டித்தால் அடைப்பில் இழக்கும் அழுத்தம் சுமார் 4 மடங்காகும். 2000 ஆர்பிஎம்மில் தெரியாத ஏர் ஃபில்டர் அழுக்கு 6000ல் 9 மடங்கு கனக்கும். ஆகவே ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அதற்கும் முன்னால், வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுதாகப் பிடிக்க, இன்னொருவர் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்கட்டும். கேபிள் நீண்டோ, காரில் மிதியடி விரிப்பு பெடலுக்கு அடியில் சிக்கியோ முக்கால்வாசியில் நின்றுவிடுவது அபூர்வம் அல்ல.

எரிபொருளைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பெட்ரோல் இன்ஜின் முழு பவரில் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 300 கிராம் குடிக்கும். 15 கிலோவாட் இன்ஜினுக்கு மணிக்கு 4.5 கிலோ, அதாவது 6 லிட்டர், நிமிடத்துக்கு 100 மில்லி. ஸ்ப்ளெண்டர் அளவு இன்ஜினுக்கு 40 மில்லி. டேங்க் டேப்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, குளிர்ந்த இன்ஜினில், அருகே நெருப்போ பீடியோ இல்லாத இடத்தில், ஒரு நிமிடம் பாட்டிலில் பிடியுங்கள். தேவையைவிட இரண்டு மடங்காவது வர வேண்டும். முதலில் நன்றாக வந்து போகப்போக மெலிந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்திப் பிடித்தால் தெரிந்துவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பிரஷர் கேஜ் போட வேண்டும். பல பைக், கார்களில் அது 3 பாரை ஒட்டி இருக்கும். ஐடிலிங்கில் சரியாகக் காட்டிவிட்டு முழு லோடில் சரிந்தால் பம்ப் அல்லது ஃபில்டர்.

காற்றும் பெட்ரோலும் சரி, ஃப்யூயல் ட்ரிம்மும் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் மேலே மூச்சு முட்டுகிறது என்றால் எக்ஸாஸ்ட். மிஸ்ஃபயரோடு நாள்கணக்கில் ஓட்டிய வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் சைலன்சரில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். 2500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்து இன்டேக் அழுத்தத்தைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் அடைத்திருந்தால் வெற்றிடம் மெல்ல மெல்லக் குறையும். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் இதை வேறு வழியில் அறிவார்கள். சைலன்சரில் ஆயில் கரி ஏறினால் 6500ஐ ஒட்டி வரும் அந்தத் துள்ளல் காணாமல் போகும். டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் குழாயின் வடிவமே சிலிண்டரை நிரப்பும் வேலையில் பங்கு வகிப்பதால் பாதிப்பு இரட்டிப்பு.

இதெல்லாம் சரியாக இருந்து, மேல் எல்லையில் மட்டும் இன்ஜின் கரகரத்துச் சிதறினால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கிறது. அந்தச் சோதனையை மறுபடி மறுபடி செய்து பார்க்காதீர்கள், மிதக்கும் வால்வு பிஸ்டனில் முட்டும்.

"எல்லா இடத்துலயும் சமமாக் குறைஞ்சிருக்கு"

வண்டி எங்கே நிற்கிறது? ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம். டர்போ இல்லாத இன்ஜின் எல்லா ஆர்பிஎம்மிலும் ஐந்தில் ஒரு பங்கு டார்க்கை இழந்தே தீரும். கார்புரேட்டர் வண்டியில் கலவையும் கெட்டியாகி இன்னும் கொஞ்சம் போகும். மேட்டுப்பாளையம் இறங்கியதும் தானாகச் சரியாகிவிடுவதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

சமவெளியிலேயே இப்படியென்றால் கம்ப்ரஷன், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், முழுதாகத் திறக்காத த்ராட்டில் என்று பார்க்க வேண்டும். பின் சக்கர ஸ்ப்ராக்கெட்டைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் பல்லை எண்ணுங்கள். இரண்டு பல் குறைந்தாலே வண்டி எல்லா கியரிலும் சோம்பலாகத் தெரியும், இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது.

டர்போ டீசல்: "பழைய அந்தத் தள்ளு இல்லை"

ஸ்விஃப்ட், டிசையர் எனப் பல கார்களில் ஓடிய 1248 சிசி டீசல் இன்ஜின் இதற்கு நல்ல பாடம். 75 பிஎஸ் வகையில் 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர். சிறகுகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வேரியபிள் டர்போ மாட்டிய 90 பிஎஸ் வகையில் 1750ல் 200. டார்க் உச்சத்தில் வித்தியாசம் வெறும் 10. ஆனால் பவர் உச்சம் இரண்டிலும் 4000ல், அந்த இடத்தில் ஒன்றில் 132 நியூட்டன் மீட்டர்தான் மிச்சம், மற்றதில் 158. பவர் வித்தியாசம் முழுக்க மேலேதான் பிறக்கிறது.

1500க்குக் கீழே இந்த இன்ஜின்கள் தூங்கும், அது இயல்பு. டர்போவைச் சுழற்றப் போதுமான புகை ஓட்டம் அங்கே இல்லை. விழிக்கும் இடம் 1800லிருந்து 2500க்குத் தள்ளிப்போயிருந்தால்தான் பழுது. புகையைப் பாருங்கள். கருப்பாகப் புகைந்துகொண்டு இழுக்கவில்லை என்றால் டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை: இன்டர்கூலர் ஹோஸ் கிழிசல், திறந்தபடி சிக்கிய ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது), திறந்தே நிற்கும் வேஸ்ட்கேட் (டர்போவைத் தொடாமல் புகையை வெளியே விடும் கதவு) அல்லது வேரியபிள் டர்போவின் சிறகுகள். புகையே இல்லாமல் இழுக்கவில்லை என்றால் டீசல் போதவில்லை: ஃபில்டர், ரெயில் பிரஷர், அல்லது இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு தானே கட்டுப்படுத்தி வைத்திருக்கும் லிம்ப் மோடு.

ஓபிடியில் இன்டேக் அழுத்தம் ஐடிலிங்கில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். முழு லோடில் 2000ஐத் தாண்டும்போது 200ஐ நோக்கி ஏற வேண்டும். 130லேயே நின்றால் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள், மூட்டுகளில் ஆயில் கசிந்த ஈரம் காட்டிக்கொடுக்கும். ஓவர்டேக் செய்யும்போது திடீரென்று பவர் போய், சாவியை அணைத்துப் போட்டதும் திரும்பி வந்தால் வேரியபிள் டர்போவின் சிறகுகள் மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டு அழுத்தம் எல்லை மீறியிருக்கிறது என்பது முதல் சந்தேகம்.

டிராக்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரோட்டவேட்டர் ஈர மண்ணில் இறங்கியதும் ஆர்பிஎம் கொஞ்சம் விழுவது பழுதல்ல. ஆர்பிஎம் விழ விழ டார்க் கூடி, இன்ஜின் தானே சுமையைத் தாங்கிக்கொள்ளும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. டார்க் உச்சத்துக்கும் கீழே விழுந்துவிட்டால் கதை முடிந்தது, கூட்டித் தர இருப்பு இல்லாமல் உட்கார்ந்துவிடும். லேசான சுமைக்கே அப்படி உட்கார்ந்தால் டீசல் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள்.

"புரோஷரில் 20, டைனோவில் 17"

புரோஷர் எண் கிராங்க் ஷாஃப்ட்டில் அளந்தது. சக்கரத்தில் பவரை அளக்கும் டைனோ என்ற கருவிக்கு வருவதற்குள் கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் சேர்ந்து 10 முதல் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். இரண்டு டைனோக்கள் ஒரே எண்ணைச் சொல்வதும் அரிது. எனவே உச்ச எண்ணை விட்டுவிட்டுக் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். எந்த ஆர்பிஎம்மில் சரிகிறது, எங்கே நடுங்குகிறது என்பதுதான் மேலே சொன்ன அறிகுறிகளோடு பொருந்தும்.

டார்க்கை பவுண்டு-அடியிலும் பவரை ஹார்ஸ்பவரிலும் ஒரே அளவுகோலில் வரைந்த தாள் என்றால், இரண்டு கோடுகளும் 5252 ஆர்பிஎம்மில் வெட்டிக்கொண்டே ஆக வேண்டும். 5252ஐத் தாண்டிச் சுற்றும் எந்த இன்ஜினானாலும் அப்படித்தான், ஏனென்றால் அந்த அலகுகளில் வகுக்கும் எண்ணே 5252. வேறெங்காவது வெட்டினால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டைனோ கட்டணத்தைக் கேட்கலாம்.